எலும்பு கூடவில்லையா? ஸ்டெம் செல், வளர்ச்சிக் காரணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக்கில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ராடு போட்டு, ஆறு மாதம் எட்டு மாதம் ஆகியும் எலும்பு கூடாமல் ஊன்றுகோலோடு இருப்பவர்கள். இடுப்பு மூட்டில் எலும்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று எம்ஆர்ஐ-யில் தெரியவந்தவர்கள். பல் கட்டப் போன இடத்தில் தாடை எலும்பு போதாது என்று கேட்டுத் திரும்பியவர்கள். ஸ்டெம் செல் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான், அல்லது இவர்கள் வீட்டில் போனும் கையுமாகத் தேடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர். கேள்விகளைக் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

எலும்பு தானாகவே கூடும் என்கிறார்களே, அப்புறம் ஸ்டெம் செல் எதற்கு?

பெரும்பாலான முறிவுகளுக்குத் தேவையே இல்லை. தோலில் ஆழமாக வெட்டுப்பட்டால் தழும்பு விழும், இதயத் தசை செத்தாலும் அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். எலும்பு அப்படி விடாது, மறுபடி எலும்பாகவே வளர்ந்து மூடிக்கொள்ளும். முறிந்த உடனே அங்கே ரத்தம் கட்டுகிறது. அந்த ரத்தக்கட்டிலிருந்து கிளம்பும் வேதிச் செய்திகள் (வளர்ச்சிக் காரணி என்பது இவைதான்), எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலும் உள்ளே மஜ்ஜையிலும் சும்மா கிடக்கும் மூல செல்களை, அதாவது ஸ்டெம் செல்களை, எழுப்பிவிடுகின்றன. முதலில் குருத்தெலும்பு போல மெத்தென்று ஒரு இணைப்பு உண்டாகிறது, சில வாரங்களில் அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகிறது, அதன் பிறகு மாதக்கணக்கில் உடம்பு அதைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. ஆக, ஸ்டெம் செல்லும் வளர்ச்சிக் காரணியும் உங்கள் காலில் ஏற்கெனவே வேலை பார்க்கும் ஆட்கள்தான். அந்த வேலை எங்கேயாவது பாதியில் நின்றுபோனால் மட்டுமே வெளியிலிருந்து எதையாவது கொண்டுபோய் வைக்கலாமா என்ற பேச்சு வருகிறது.

சிலருக்கு மட்டும் ஏன் நின்றுபோகிறது?

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இது புரியாமல்தான் பலர் தேவையில்லாத சிகிச்சைக்குப் பணம் கட்டுகிறார்கள்.

எலும்பு கூடாமல் போவதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதல் வகையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முறிந்த இரண்டு முனைகளிலும் எலும்பு பெருத்துப் புடைத்து, யானைப் பாதம் போலத் தெரியும். நடுவில் மட்டும் ஒரு கருங்கோடு. இங்கே ரத்த ஓட்டம் இருக்கிறது, செல்கள் இருக்கின்றன, அவை எலும்பும் செய்துகொண்டிருக்கின்றன. முனைகள் ஆடிக்கொண்டே இருப்பதால் சேர முடியவில்லை, அவ்வளவுதான். ராடை மாற்றித் தடிமனாகப் போட்டாலோ பிளேட் சேர்த்து இறுக்கினாலோ பெரும்பாலும் கூடிவிடும். இப்படிப்பட்டவருக்கு ஸ்டெம் செல் ஊசி போடுவது வீண்.

இரண்டாவது வகையில் முனைகள் மெலிந்து, கூர்மையாகி, உயிரே இல்லாதது போலக் கிடக்கும். அடிபட்டபோதே எலும்பின் உறையும் சுற்றியிருந்த தசையும் பிய்ந்து போயிருக்கும், அல்லது ஒரு துண்டு எலும்பே ரோட்டில் போயிருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கை வைத்துப் பாருங்கள், தோலுக்கு அடியில் நேராக எலும்புதான், தசையே கிடையாது. அங்கே எலும்பு வெளியே தெரிகிற மாதிரி உடைந்தால் ரத்த ஓட்டம் எளிதில் போய்விடும். செல், வளர்ச்சிக் காரணி என்ற பேச்சுக்கு உண்மையான இடம் இந்த வகையில்தான்.

இவை இரண்டுக்கும் குறுக்கே மூன்றாவதாக ஒன்று வரும்: சீழ். உள்ளே கிருமி இருந்தால் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் நிற்காது. சிகரெட்டையும் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் ‘கூடாத முறிவு’ என்று சொல்ல ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முறிந்து ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று மாதமாக எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இருக்கக் கூடாது. நம் ஊரில் நாலாம் மாதமே பதறிப்போய் ஆள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

ஸ்டெம் செல் என்று டாக்டர் சொல்வது எதை?

எலும்பு விஷயத்தில் பெரும்பாலும் மஜ்ஜையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வகை செல்லை. மஜ்ஜையில் ரத்தம் செய்யும் மூல செல்கள் ஒரு பக்கம், அவற்றுக்குத் தாங்கலாக இருக்கும் வேறு வகை செல்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தை வளர்ப்புத் தட்டில் போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகும், எலும்பாகவும் மாறும் என்று 1960-களிலும் 70-களிலும் மாஸ்கோவில் காட்டியவர் அலெக்சாண்டர் பிரைடன்ஸ்டைன். அமெரிக்காவின் ஆர்னால்ட் கேப்லன் 1991-இல் இவற்றுக்கு ‘மெசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று பெயர் வைத்தார். அதே கேப்லன் 2017-இல், இந்தப் பெயரை மாற்றுங்கள், இவை உடம்பில் போய் புதுத் திசுவாக மாறுவதைவிட அங்கிருக்கும் செல்களுக்குச் செய்தி அனுப்புவதுதான் அதிகம், பெயரை வைத்து நோயாளிகள் ஏமாற்றப்படுகிறார்கள் என்று எழுதினார். பெயர் வைத்தவரே கேட்டும் பெயர் போகவில்லை, விளம்பரத்துக்கு அவ்வளவு வசதியான பெயர் அது.

எண்ணிக்கையையும் தெரிந்துகொள்ளுங்கள். வளர்ந்த ஒருவரின் மஜ்ஜையில் உட்கரு உள்ள செல்களைப் பத்தாயிரம் முதல் லட்சம் வரை எண்ணினால் அதில் ஒன்றுதான் இந்த வகை. வயது ஏற ஏற இன்னும் குறையும்.

வளர்ச்சிக் காரணி என்பது என்ன, ஊட்டச்சத்து மாதிரியா?

பெயரைப் பார்த்துப் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஊட்டச்சத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு செல்லுக்கு ‘நீ பெருகு’, ‘நீ எலும்பு செல்லாக மாறு’ என்று கட்டளை கொண்டுபோகும் புரதம் இது.

1965-இல் கலிபோர்னியாவில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர் ஒரு எலும்புத் துண்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை எல்லாம் நீக்கி, மிஞ்சிய ரப்பர் மாதிரி சாமானை முயலின் தசைக்குள் வைத்தார். சில வாரம் கழித்துப் பார்த்தால் தசைக்குள்ளே புது எலும்பு! தசையில் எலும்புக்கு எந்த வேலையும் இல்லை. ஆக, அந்தச் செத்த எலும்பில் இருந்த ஏதோ ஒன்று, தசையில் இருந்த செல்களுக்குக் கட்டளை போட்டிருக்கிறது. அதைத்தான் பின்னாளில் பிஎம்பி, அதாவது எலும்பு உருவாக்கும் புரதம் என்றார்கள்.

அடுத்த திருப்பம் நம் நாட்டுக்காரர்கள் கையில். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி அமெரிக்கா போன ஹரி ரெட்டியும் அவருடன் வேலை செய்த குபேர் சம்பத்தும் 1981-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சுண்ணாம்பு நீக்கிய எலும்பிலிருந்து கரையக்கூடியதை எல்லாம் ஒரு ரசாயனத்தில் கரைத்துத் தனியே எடுத்தார்கள். கரைசலை மட்டும் எலியில் வைத்தால் எலும்பு வரவில்லை. கரையாமல் மிஞ்சிய நாரை மட்டும் வைத்தாலும் வரவில்லை. இரண்டையும் மறுபடி சேர்த்து வைத்தபோது வந்தது. இந்தத் துறையில் நடந்த சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. கட்டளை மட்டும் போதாது, அந்தக் கட்டளையைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு சட்டகமும் வேண்டும், கொடி படரப் பந்தல் வேண்டும் என்பது போல. 1988-இல் பாஸ்டன் பக்கம் ஜான் வோஸ்னியின் குழு இந்தப் புரதங்களின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தது. அதுவரை கிலோ கிலோவாக மாட்டெலும்பை அரைத்து மைக்ரோகிராம் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்ததை, அதன் பிறகு ஆலையில் செய்ய முடிந்தது.

அப்படியானால் இது மருந்தாக வந்துவிட்டதா?

வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிஎம்பி-7 என்ற வகை, 2001-இல் அமெரிக்காவில் குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு மட்டும் என்று வரம்புடன் அனுமதி பெற்றது, பின்னர் சந்தையிலிருந்தே போய்விட்டது. பிஎம்பி-2, ‘இன்ஃப்யூஸ்’ என்ற பெயரில் 2002-இல் கீழ் முதுகெலும்பு இணைப்புக்கும், 2004-இல் வெளியே தெரிகிற மாதிரி முறிந்த கெண்டைக்கால் எலும்புக்கும், 2007-இல் தாடையில் சில அறுவை சிகிச்சைகளுக்கும் அனுமதி வாங்கியது. ரத்தத் தட்டணுவிலிருந்து வரும் பிடிஜிஎஃப் என்ற இன்னொரு காரணி 2005-இல் பல் ஈறு சிகிச்சைக்கும், 2015-இல் கணுக்கால், பின்பாத மூட்டு இணைப்புக்கும் வந்தது.

இன்ஃப்யூஸ் எப்படி இருக்கும் என்றால், தூளாக வரும் புரதத்தை நீரில் கரைத்து, மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற நார்ப் புரதத்தில் செய்த ஒரு வெள்ளைப் பஞ்சுத் துண்டில் ஊற்றுவார்கள். ஊற்றிய உடனே வைக்கக் கூடாது, குறைந்தது பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், புரதம் நாரில் போய் ஒட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டோ அழுத்திப் பிழிந்தோ வைத்தால் மருந்து வேண்டாத இடத்துக்குக் கசியும். ரெட்டியும் சம்பத்தும் எலியில் பார்த்த அதே விஷயம்தான், அறுவை அரங்கில்.

இவ்வளவு நல்ல மருந்தை எல்லாருக்கும் போடவேண்டியதுதானே?

போட்டுப் பார்த்தார்கள். அதுதான் சிக்கலே.

உடம்பில் இயல்பாக இந்தப் புரதம் நானோகிராம் கணக்கில் இருக்கும். பஞ்சில் ஊற்றுவது மில்லிகிராம் கணக்கில், பெரிய பெட்டி என்றால் 12 மில்லிகிராம். லட்சம் மடங்குக்கு மேல். அமெரிக்காவில் அனுமதி இல்லாத கழுத்து முதுகெலும்பிலும் இதை வைக்கத் தொடங்க, சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சே அடைத்தது. 2008-இல் மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விட்டது. 2011 ஜூனில் ஒரு முதுகெலும்பு மருத்துவ இதழ் ஏறத்தாழ முழு இதழையும் இதற்கே ஒதுக்கி, தயாரிப்பு நிறுவனத்தின் பணம் வாங்கிய மருத்துவர்கள் எழுதிய தொடக்க ஆய்வுகளில் பக்கவிளைவுகள் மிகக் குறைத்துச் சொல்லப்பட்டிருந்தன, உண்மை விகிதம் 10 முதல் 50 மடங்கு அதிகம் என்று எழுதியது. பிறகு யேல் பல்கலைக்கழகம் மூலத் தரவுகளை வாங்கி இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தது. 2013-இல் வந்த முடிவு: முதுகெலும்பு இணைப்பில் நோயாளியின் சொந்த இடுப்பெலும்பை எடுத்து வைப்பதைவிட இது பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது.

கால் முறிவில் கதை வேறு மாதிரி. 2002-இல் வந்த ஆய்வில் 450 பேர், எல்லாருக்கும் வெளித்தெரியும் கெண்டைக்கால் முறிவு. கட்டுரையில் முதல் பெயர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை செய்த கோவெண்டர். அதிக அளவு பிஎம்பி-2 வைத்தவர்களுக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு 44 சதவீதம் குறைந்தது. 2004 அனுமதிக்கு அடிப்படை இதுதான். 2011-இல் 277 பேரிடம் இன்னொரு ஆய்வு. இந்த முறை எல்லாருக்கும் மஜ்ஜைக் குழாயைக் குடைந்து அகலமாக்கி, உள்ளே இறுக்கமாக ராடு போட்டிருந்தார்கள். பிஎம்பி வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் கூடும் வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ராடை ஒழுங்காகப் போட்ட பிறகு மருந்துக்குச் செய்ய அதிகம் மிஞ்சவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இந்தப் புரதம் அதிகமானால் என்ன ஆகும்?

தசை எலும்பாகிவிடும் ஒரு அபூர்வ நோய் இருக்கிறது. பிறக்கும்போதே கால் பெருவிரல் கோணலாக இருக்கும். பிறகு ஒரு சின்ன அடி, ஒரு தடுப்பூசி, ஒரு காய்ச்சல் போதும், அந்தத் தசை எலும்பாக மாறத் தொடங்கும், கடைசியில் உடம்பே பூட்டிக்கொள்ளும். 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: பிஎம்பி-யின் கட்டளையை வாங்கும் ஒரு வாங்கியின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. ‘எலும்பு வளர்க்கும் மருந்துதானே, கொஞ்சம் கூடப் போட்டால் என்ன’ என்று கேட்பவர்களுக்கு நான் இந்த நோயைத்தான் சொல்வேன்.

இடுப்பிலிருந்து மஜ்ஜை எடுத்து முறிந்த இடத்தில் ஊசியாகப் போடுகிறார்களே, அது எப்படி?

என்னைக் கேட்டால் இன்றைக்கு ஸ்டெம் செல் என்ற பெயரில் நடப்பவற்றில் ஓரளவு உருப்படியானது இதுதான், அதுவும் சரியான ஆளுக்கு, சரியான முறையில் செய்தால்.

மயக்கம் கொடுத்து, இடுப்பு எலும்பின் விளிம்பில் தடிமனான ஒரு ஊசியை இறக்குவார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தில் அலம்பிய சிரிஞ்சால் உறிஞ்சுவார்கள். கவனிக்க வேண்டியது இங்கேதான்: ஒரே இடத்திலிருந்து நிறைய உறிஞ்சினால் வருவது மஜ்ஜை இல்லை, வெறும் ரத்தம். முதல் இரண்டு மில்லியில்தான் மூல செல்கள் செறிவாக இருக்கும். அதனால் கொஞ்சம் எடுத்து, ஊசியைத் திருப்பி, ஆழம் மாற்றி, மறுபடி கொஞ்சம் எடுத்து என்று பொறுமையாகச் செய்ய வேண்டும். அவசரக்காரர் கையில் அறுபது மில்லியும் ஒரே துளையில் நிரம்பிவிடும், பார்க்க இரண்டும் ஒரே சிவப்புதான். பிறகு அதைச் சுழற்றும் கருவியில் வைத்துச் செறிவாக்கி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே முறிவின் இடைவெளியில் செலுத்துவார்கள்.

பிரான்சில் பிலிப் எர்னிகூ 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கெண்டைக்கால் எலும்பு கூடாத 60 பேருக்கு இப்படிச் செய்து 53 பேருக்குக் கூடியது. கூடாத ஏழு பேருக்குப் போட்ட திரவத்தை எண்ணிப் பார்த்தால் மூல செல்கள் மிகக் குறைவாக இருந்தன. சாதாரணமாக உறிஞ்சிய மஜ்ஜையில் மில்லிக்கு 600 சொச்சம்தான் இருந்தது, தேவைப்பட்டதோ 1500-க்கு மேல். ஆகவே ‘மஜ்ஜை ஊசி போட்டோம்’ என்பது மட்டும் ஒரு தகவலே இல்லை. செறிவாக்கினார்களா, எத்தனை செல் போயிற்று என்பதுதான் தகவல். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வு அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

லேபில் செல்லைப் பெருக்கி வைத்தால் இன்னும் நல்லதில்லையா?

காகிதத்தில் அப்படித்தான் தெரிகிறது. 2001-இல் இத்தாலியக் குழு ஒன்று, எலும்பில் பெரிய இடைவெளி விழுந்த மூன்று பேருக்கு அவர்களுடைய மஜ்ஜை செல்களையே வளர்த்து, நுண்துளை உள்ள செராமிக் சட்டகத்தில் ஏற்றி வைத்துக் கூடியதாக எழுதியது. அன்றைக்குப் பெரிய பரபரப்பு. ஆனால் அதற்குப் பிறகு இது வழக்கமான சிகிச்சையாக மாறவே இல்லை. வளர்க்க வாரங்கள் ஆகும், சுத்த அறை வேண்டும், செலவு எகிறும், நடுவில் ஒரு கிருமி புகுந்தால் எல்லாம் போச்சு. அதைவிடப் பெரிய தடை ரத்தக் குழாய். ரத்தக் குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஒரு பங்கு தள்ளிப் போனாலே செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. பெரிய இடைவெளியின் நடுவில் கொண்டுபோய் வைத்த செல்களில் பெரும்பகுதி முதல் சில நாளிலேயே செத்துவிடும்.

இடுப்பு மூட்டு எலும்பு சாகிறது என்கிறார்கள். அதற்கு இது உதவுமா?

தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போகாமல் அது சாகும் நிலை. ஸ்டீராய்டும் குடியும் முக்கியக் காரணங்கள், கொரோனா காலத்தில் ஸ்டீராய்டு எடுத்த இளவயதுக்காரர்கள் பலர் இப்படி வந்தார்கள். பந்து இன்னும் உருண்டையாக இருக்கும்போதே, உள்ளே துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்து, அந்தத் துளை வழியாகச் செறிவாக்கிய மஜ்ஜையைச் செலுத்துவது உண்டு, பலன் பற்றி ஓரளவு நல்ல தரவுகளும் உண்டு. நோயாளியின் சொந்த மஜ்ஜையிலிருந்து வளர்த்த எலும்பு செல் தயாரிப்பு ஒன்றுக்கு 2017-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் இதற்காக அனுமதி கொடுத்தார். ஆனால் பந்து நசுங்கித் தட்டையான பிறகு எந்த செல்லும் அதை மறுபடி உருண்டையாக்காது. அப்போது மூட்டு மாற்றுதான்.

உடம்புக்குள்ளேயே தாடை எலும்பை வளர்த்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. ஜெர்மனியின் கீல் நகரம், 2004. புற்றுநோயால் கீழ்த்தாடையின் பெரும்பகுதியை இழந்து எட்டு வருடமாகக் கூழும் கஞ்சியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 56 வயதுக்காரர். கணினியில் அவர் தாடையின் வடிவத்தை வரைந்து, அதே வடிவத்தில் டைட்டானியம் வலைக் கூடு செய்து, உள்ளே எலும்புக் கனிமக் கட்டிகள், 7 மில்லிகிராம் பிஎம்பி-7, அவருடைய மஜ்ஜை 20 மில்லி எல்லாவற்றையும் போட்டு, அவர் முதுகுத் தசைக்குள் தைத்துவிட்டார்கள். ஏழு வாரம் அதைத் தோளுக்குக் கீழே சுமந்தார். பிறகு ரத்தக் குழாயோடு சேர்த்து வெட்டி எடுத்துத் தாடையில் பொருத்தினார்கள். கெட்டியான உணவை மென்று சாப்பிட்டார். ஓராண்டுக்குச் சற்றுப் பிறகு, வேறு காரணத்தால், இதயம் நின்று இறந்துபோனார்.

ரத்த ஓட்டம் என்ற தடையை இவர்கள் எப்படித் தாண்டினார்கள் பாருங்கள், நல்ல ரத்தம் உள்ள தசையையே தொட்டிலாக்கிவிட்டார்கள். ஆனால் பிஎம்பி, மஜ்ஜை, கனிமம், தசை ஆகியவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று ஒரே ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

பிஆர்பி ஊசி?

உங்கள் ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களைச் செறிவாக்கிய திரவம். அதில் ஸ்டெம் செல் கிடையாது, வளர்ச்சிக் காரணிகள் உண்டு. எலும்பு கூடாததற்கு இதை மட்டும் போட்டுப் பலன் வரும் என்பதற்கான ஆதாரம் பலவீனம்.

இறந்தவர்களின் எலும்பில் உயிருள்ள செல்லோடு வரும் தயாரிப்புகள் பாதுகாப்பானவையா?

2021-இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் எலும்பிலிருந்து செய்த, செல் உயிரோடு இருக்கும் ஒரு பசை 113 பேருக்கு, பெரும்பாலும் முதுகெலும்பில், வைக்கப்பட்டது. அந்தக் கொடையாளருக்குக் காசநோய். பசை வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றியது, இறப்பும் நடந்தது. 2023-இல் வேறொரு தயாரிப்பில் மறுபடி அதே கதை. எலும்பு வங்கியில் சேமித்த சாதாரண எலும்பைக் கதிர்வீச்சில் கிருமி நீக்கலாம். செல் உயிரோடு வேண்டும் என்றால் அப்படிச் செய்ய முடியாது.

அப்படியானால் இன்றைக்கு உண்மையில் எதைச் செய்கிறார்கள்?

இடுப்பெலும்பைச் சுரண்டி எடுத்து வைப்பது, அதாவது போன் கிராஃப்ட். கேட்கப் பழசாக இருக்கும். ஆனால் அதில் உயிருள்ள செல், வளர்ச்சிக் காரணி, சட்டகம் மூன்றும் இயற்கையான அளவில் ஒன்றாக இருக்கின்றன, எதிர்ப்பும் வராது. எடுத்த இடத்தில் வலி, எடுக்கக்கூடிய அளவு குறைவு என்பவைதான் குறை.

பெரிய இடைவெளிக்கு இரண்டு வழி. சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரவ் கண்டுபிடித்த வளைய முறையில், நல்ல பகுதியில் எலும்பை வெட்டி, வெளியே உள்ள திருகுகளை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று திருகி இழுத்துக்கொண்டே போனால் பின்னால் புது எலும்பு உண்டாகிக்கொண்டே வரும். மாதக்கணக்கில் கம்பியும் வளையமுமாக இருக்க வேண்டும், கம்பி போகும் துளைகளைத் தினம் துடைக்க வேண்டும், தூக்கம் கெடும், ஆனால் வேலை செய்யும். பிரெஞ்சு மருத்துவர் மாஸ்கலேயின் முறையில் இடைவெளியில் முதலில் எலும்பு சிமென்ட்டை அடைத்து ஆறு முதல் எட்டு வாரம் விடுவார்கள். அதைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வை வளர்க்கும். சிமென்ட்டை எடுத்துவிட்டு அந்தப் பைக்குள் போன் கிராஃப்டை நிரப்பித் தைப்பார்கள். சோதித்துப் பார்த்தபோது அந்தச் சவ்வே பிஎம்பி-2 உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கிறது என்று தெரிந்தது, அதுவும் உடம்புக்கு ஏற்ற அளவில். ஆலையில் செய்த மில்லிகிராம் மருந்தை நம்புவதைவிட இது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

எலும்பு தேய்மானத்துக்கு, முதுமையில் எலும்பு மெலிவதற்கு?

மூட்டுத் தேய்மானம் குருத்தெலும்பு விஷயம், அது தனிக் கதை. எலும்பு மெலிவுக்கு டெரிபாரடைட் போன்ற ஊசி மருந்துகள் இருக்கின்றன. உங்கள் சொந்த எலும்பு செல்களையே தூண்டுபவை, தரவு உள்ளவை. அதற்கு ஸ்டெம் செல் தேடிப் போக வேண்டியதில்லை.

பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் குழந்தைகளுக்கு?

இங்கே நடப்பது ஆராய்ச்சி. கருவிலிருந்து எடுத்த மூல செல்களை இந்தக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்க்கும் ஆய்வுகளில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தோடு வேலூர் சிஎம்சி-யும் சேர்ந்திருக்கிறது. தரமான இடத்தில் ஒழுங்காக நடக்கும் ஆய்வு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோர் அதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

விளம்பரத்தில் ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று பார்த்தேன். சட்டப்படி சரியா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டியில், ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடெல்லாம் ஆய்வாகவே நடக்க வேண்டும் என்று இருக்கிறது. வளர்த்தோ மாற்றியோ கொடுக்கும் செல், 2019 விதிகளின்படி புது மருந்துக்குச் சமம், மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும். ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கும், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் அந்த சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. ‘ஆய்வு’ என்றும் சொல்லி, லட்சக்கணக்கில் ரசீதும் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். எக்ஸ்ரேயையே பார்க்காமல் பேக்கேஜ் விலை சொல்லும் இடத்தில் உட்காரவே வேண்டாம்.

குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்திருக்கிறோம். அப்பாவின் கால் எலும்புக்கு ஆகுமா?

ஆகாது. அதில் முக்கியமாக இருப்பது ரத்தம் செய்யும் மூல செல்கள். பிற்காலத்தில் தனக்கே பயன்படும் என்று தனியாரிடம் சேமிப்பதையே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பதில்லை.

டாக்டரிடம் போகும்போது என்ன கேட்பது?

முதல் நாளிலிருந்து எடுத்த எல்லா எக்ஸ்ரேயையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள், கடைசிப் படத்தை மட்டும் காட்டினால் எதுவும் தெரியாது. எலும்பு முனைகள் பெருத்திருக்கின்றனவா, மெலிந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். ராடு ஆடுகிறதா, திருகு ஏதாவது உடைந்திருக்கிறதா? உள்ளே கிருமி இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா? சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எவ்வளவு, வைட்டமின் டி எவ்வளவு? மஜ்ஜை ஊசி போடலாம் என்று சொன்னால், செறிவாக்கிப் போடுவீர்களா, ஒரே துளையிலிருந்து எடுப்பீர்களா, இதற்கு முன் செய்தவர்களுக்கு எத்தனை மாதத்தில் கூடியது, கூடாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தால், கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மேசையில் வைத்துவிடுங்கள். சிகரெட் பிடிப்பவர் என்றால், அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.